துட்டகைமுனு சிலையருகே எல்லாளன் கதையும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வாழ்நாளெல்லாம் ரயிலில் போய்வந்தவள் நான். அநுராதபுரத்தில் ரயில் நிற்கும்போது தேத்தண்ணீர் வாங்கிக் குடித்ததோடு சரி, இறங்கி ஊருக்குள் போனதில்லை. போன மாதம்தான் பேரப்பிள்ளைகளோடு அங்கே இருக்கும் ருவன்வெலிசாய என்ற பௌத்தத் தாதுகோபத்துக்குப் போனேன்.

தாதுகோபத்தைப் பார்த்தபடி அங்கே ஒரு கற்சிலை நிற்கிறது. அந்தத் தாதுகோபத்தைக் கட்டத் தொடங்கிய துட்டகைமுனு மன்னனின் சிலைதான் அது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வெள்ளை உடுத்த சனங்கள் பூக்களோடு வந்து கும்பிட்டுப் போனார்கள். எனக்குக் கை எழவில்லை. எங்கள் வீடுகளில் எல்லாளனைக் கொன்றவன் என்றுதான் அவன் பேர் வரும், வேறு பேச்சே இல்லை.

அந்த ஒரு வரியோடு விட்டுவிடக் கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். துட்டகைமுனுவை நாயகனாகக் கொண்டாடுகிற அதே மகாவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் எல்லாளனைப் பற்றி என்ன சொல்கிறது? சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தில் 44 வருடம் ஆண்டவன், நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி சொன்னவன் என்கிறது. கன்றைத் தேரேற்றிக் கொன்ற சொந்த மகனுக்கும் அதே தண்டனை கொடுத்தானாம். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையாக நாங்கள் கேட்டதும் இதைத்தானே. இன்னொரு சம்பவம் என்னை அதைவிட உலுக்கியது. அவன் தேர் இடித்து ஒரு தூபியின் கற்கள் பெயர்ந்துவிட்டன. உடனே இறங்கித் தெருவில் படுத்து, தேர்ச் சக்கரத்தால் தன் தலையையும் வெட்டச் சொன்னான். அமைச்சர்கள் தடுத்து, தூபியைத் திருத்தினால் போதும் என்றார்கள். பெயர்ந்தது 15 கல், அவன் செலவழித்தது 15,000 கஹாபண நாணயம். இத்தனைக்கும் அவன் பௌத்தனே இல்லை.

அப்புறம் போர். நகரின் தெற்கு வாசலருகே யானைமேல் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். எல்லாளன் விழுந்ததும், வென்றவன் பறையறைந்து சுற்றுவட்டாரத்துச் சனங்களையெல்லாம் வரவழைத்து ஈமச் சடங்கு செய்தான். விழுந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபாடும் ஏற்படுத்தினான். அந்த இடத்தை நெருங்கும் இளவரசர்கள் வாத்தியங்களை நிறுத்துவது தன் காலத்திலும் நடப்பதாக மகாவம்ச ஆசிரியர் எழுதுகிறார். போர் முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர் அவர்.

ஆங்கிலேயருக்கு எதிரான 1818 கண்டிக் கிளர்ச்சி தோற்றபின் தப்பியோடிய பிலிமத்தலாவை, களைத்துத் துவண்டிருந்தும் பல்லக்கை விட்டு இறங்கி, எல்லாளனின் அந்த நினைவிடத்தைத் தாண்டிவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே போனார் என்று அக்கால ஆங்கிலேய அதிகாரி ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். உயிர் தப்ப ஓடுகிற மனிதர், அதுவும் கண்டிப் பிரதானி! எல்லாளன் சமாதி என்று சனங்கள் சொல்லிவந்த மேடு உண்மையில் தக்கிண தூபி என்ற பௌத்தத் தூபி என்று தொல்லியலாளர் பரணவிதான பின்னர் சொன்னார். இருக்கட்டும், பிலிமத்தலாவை காட்டிய மரியாதை அதனால் குறைந்துவிடாது.

அந்தச் சிலைக்குப் பக்கத்தில் இதையெல்லாம் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒன்றை வைக்கும்படி பொறுப்பானவர்களை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. எல்லாளனுக்குச் செய்த மரியாதை பற்றி மகாவம்சத்தின் 25ஆம் அத்தியாயத்தில் இருக்கும் அந்த நாலைந்து வரியே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வவுனியா