மிருதங்கத்தின் கும்கி கேட்கிறதா என்று பார்

திருவையாறு
ஐப்பசி 12

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மன்னார்குடிப் பக்கம் சம்பா நடவு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே இன்னும் சில வயல்களில் நாற்றுப் பறிக்கிறார்கள். இரண்டு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

ஆக, கடைசியில் ஹெட்ஃபோன் வாங்கிவிட்டாய். சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் நல்ல தேர்வுதான். "எந்தப் பாட்டைப் போட்டுப் பார்ப்பது, பட்டியல் அனுப்பு" என்கிறாய். இணையத்தில் நூறு பட்டியல் கிடக்கிறது, அதில் பாதி உனக்கு உதவாது. சின்தசைசரில் பிறந்த ஒரு சத்தம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஹெட்ஃபோன் என்ன சொல்கிறதோ அதுதான் அந்தச் சத்தம். மிருதங்கம் அப்படியில்லை. கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தலிலும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து நீ கேட்டிருக்கிறாய். அது உன் காதில் எடைக்கல் மாதிரி இருக்கிறது. தராசு சரியா என்று பார்க்க அந்தக் கல்லைத்தான் போட வேண்டும்.

பாட்டுக்குப் போகும் முன் சில வேலை. ஃபோனில் டால்பி, ஈக்வலைசர், "பேஸ் பூஸ்ட்" எல்லாவற்றையும் அணை. பல ஃபோன்களில் டால்பி வாங்கும்போதே போட்டபடி இருக்கும், செட்டிங்கில் தேடிப் பார். உன் ஹெட்ஃபோனின் மின்தடை 120 ஓம். ஃபோனில் நேராகச் சொருகி முழு வால்யூம் வைத்தும் சத்தம் பத்தவில்லை என்றால் குறை ஹெட்ஃபோனில் இல்லை, தள்ளுவதற்கு ஃபோனில் வோல்டேஜ் இல்லை. ஃபோனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே சொருகும் ஒரு நல்ல யுஎஸ்பி டாங்கிள் போதும், பெரிய ஆம்ப்ளிஃபையர் எல்லாம் இப்போது வாங்காதே. லேப்டாப்பில் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேள். எர்த் இல்லாத பழைய பிளக்பாயின்ட்டில் சார்ஜர் இருந்தால் பாட்டுக்கு அடியில் மெல்லிய "உர்ர்" ஓடும், நீ அதை ஹெட்ஃபோன் தலையில் கட்டுவாய்.

இன்னொன்று, சீலிங் ஃபேன். உன்னுடையது ஓப்பன் பேக், அதாவது வெளிப்பக்கம் மூடாதது, வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். ஃபேன் ஓடினால் பாட்டின் மெல்லிய வால் பகுதி, அதாவது பாடகர் நிறுத்திய பிறகு அந்த அறையில் கரையும் ஒலி, முழுக்க மூடிப்போகும். சோதிக்கிற பத்து நிமிஷமாவது அணைத்து வை. ஐப்பசி ராத்திரியில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் வயலில் நடக்கும் தவளைக் கச்சேரியை அணைக்க வழியில்லை, மத்தியானம் கேள்.

கண்ணாடி போட்டபடி கேட்கிறாயா? அதன் காம்பு காதைச் சுற்றி உட்காரும் பேடைத் தூக்கிவிடும், அந்த இடுக்கில் கீழ் ஒலி கசிந்து போய்விடும். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்து. தொம் சத்தம் திடீரென்று கூடினால் பேடு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

முதல் பாட்டாக ஒரு பழைய மோனோ பாட்டைப் போடு. 1978இல் வந்த "ப்ரியா" பாடல்கள்தான் தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாட்டு என்பார்கள். அதற்கு முந்தைய படப்பாட்டில் உனக்குப் பிடித்த எதுவும் சரி. மோனோவில் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம், குரல் நெற்றிக்கு நேர் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இடது வலது மாற்றிப் போட்டுப் பார். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஹெட்ஃபோனில், பேடில் அல்லது ஃபோனின் "பேலன்ஸ்" செட்டிங்கில். மாறாமல் அதே பக்கம் நின்றால் உன் காதில். ஒரு எச்சரிக்கை: பழைய மோனோ பாட்டை எடுத்துக் கீழ் ஒலியை ஒரு பக்கமும் மேல் ஒலியை மறுபக்கமும் தள்ளி "ஸ்டீரியோ" என்று வெளியிட்டவை உண்டு. புது டிரம்ஸ் சேர்த்து ஒட்டியவையும் உண்டு. அவை சோதனைக்கும் ஆகாது, கேட்கவும் ஆகாது.

அடுத்தது தம்புரா. பாடகர் வாய் திறப்பதற்கு முன் தம்புரா மட்டும் முப்பது வினாடியாவது ஒலிக்கும் பதிவாகப் பார்த்து எடு. எலக்ட்ரானிக் பெட்டி வேண்டாம், அது ஒரே சுற்றைத் திருப்பித் திருப்பிப் போடும். நிஜத் தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா நூல் இருக்கிறதே, அது இருப்பதால் ஒவ்வொரு மீட்டிலும் மேல் ஸ்வரங்கள் வேறு வேறு வரிசையில் மலர்ந்து அடங்கும். நல்ல ஹெட்ஃபோனில் அந்த மலர்ச்சி ஒரே வழவழப்பாக இறங்கும். ஏதோ ஒரு மேல் ஸ்வரம் மட்டும் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு வந்தால் ஹெட்ஃபோனில் அந்த இடத்தில் ஒரு மேடு, அதாவது அந்த அதிர்வெண் மட்டும் தூக்கலாக ஒலிக்கிறது. மொத்தமும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் களகளத்தால் அது ஹெட்ஃபோன் இல்லை, கோப்பு. குறைந்த பிட்ரேட் எம்பி3 முதலில் மாட்டிக்கொள்வது தம்புராவில்தான்.

கோப்பு பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிடியில் வினாடிக்கு 1,411 கிலோபிட். ஃப்ளாக் என்ற கோப்பு வகை ஏறக்குறைய அதில் பாதி இடம் பிடிக்கும், எதையும் இழக்காது. 320 கிலோபிட் எம்பி3யைச் சிடியிலிருந்து பிரித்துச் சொல்ல நம் காதுக்குக் கஷ்டம், அதனால் அதற்குப் பயப்படாதே. மோசம் 128தான், அதிலும் 128ஐ ஃப்ளாக்காக மாற்றி வைத்திருப்பவை. அதைப் பிடிக்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பைப் போட்டால் படம் வரும். 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அரிவாளால் வெட்டினாற்போல் நேர்கோடாக நின்றால் அது பெரும்பாலும் எம்பி3 வேஷம் போட்ட ஃப்ளாக்.

இப்போது மிருதங்கம். இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். நல்ல ஸ்டூடியோப் பதிவு ஒன்றில் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி, எடுத்துக்கொள், முதல் மூன்று நிமிஷம், காலம் இன்னும் ஏறாத இடம். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது தலையில், ரவை பிசைந்து ஒட்டியிருப்பார்கள், அதனால் அந்தப் பக்கம் கனத்துக் கீழிறங்கி ஒலிக்கும். இடது மணிக்கட்டைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது "தொ...ம்ம்" என்று ஸ்வரம் மேலே வழுக்கிப் போகிறதே, அந்தக் கும்கிதான் உன் பரீட்சை. ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உன்னால் பாடிக் காட்ட முடிய வேண்டும். சுமாரான ஹெட்ஃபோனில் எந்தக் கும்கியும் ஒரே "டும்" ஆகிவிடும், ஏனென்றால் அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் வீங்கியிருக்கும், தொப்பி எங்கே வழுக்கினாலும் அந்த வீக்கம்தான் காதில் விழும். அளவில் நிறைய பேஸ் வருகிறதே என்று கடையில் மயங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பிறகு வலந்தலை, அதாவது வலது தலை. அது பாட்டின் சுருதிக்குச் சேர்த்திருக்கும். "நம்" என்ற அடி ஒலித்த பிறகு தம்புராவோடு ஒட்டிக் கரைகிறதா, தனியாக நிற்கிறதா என்று கவனி. சாப்பு என்ற அடியில் தோல் ஓரத்தின் வெடிப்பு கேட்க வேண்டும், ஆனால் காதைக் கீறக் கூடாது. இரண்டு தலையும் பத்தடி இடைவெளியில் ஒலித்தால் பயப்படாதே, இரண்டு மைக்கை இரண்டு ஓரத்தில் வைத்துக் கலந்திருக்கிறார்கள். பல பழைய கேசட்டுகளில் மிருதங்கம் முழுக்க ஒரு காதிலும் வயலின் மறு காதிலும் இருக்கும். ஸ்பீக்கரில் உறுத்தாது, ஹெட்ஃபோனில் அரைமணி கேட்டால் தலை கனக்கும். ஒரு காதின் சத்தத்தைக் கொஞ்சம் மறு காதுக்கும் கலந்து தரும் "கிராஸ்ஃபீட்" என்ற வசதி பிளேயரில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்.

நாகஸ்வரம் வைத்துச் சோதிக்கலாமே என்று கேட்பாய், நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை இருக்கிற டெல்டாவில் இருந்துகொண்டு கேட்காமல் இருப்பாயா! ஆசைக்குக் கேள், சோதனைக்கு வேண்டாம். அது வெளிவீதிக்கு என்று பிறந்த வாத்தியம். மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தால் உச்சத்தில் சத்தம் உடையும். தவில் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உடைகிற இடத்தைக் குறித்துக்கொண்டு வேறு ஒரு ஹெட்ஃபோனில் போட்டுப் பார், அதே இடத்தில் உடைந்தால் பதிவின் குறை. நம்ம ஊர் தியாகராஜர் ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர் சேர்ந்து பாடும் பஞ்சரத்னமும் இதே கதைதான். நாட்டையில் தொடங்கி ஸ்ரீயில் முடியும் வரை புல்லரிக்கும், ஆனால் பந்தலில் திறந்த மைக்கில் பதிந்ததை வைத்து ஹெட்ஃபோனுக்கு மார்க் போட முடியாது.

குரலுக்கு மெதுவாகப் போகும் ஒரு விளம்ப கால ஆலாபனை, பிறகு "ஸ", "ச" நிறைய வரும் கீர்த்தனை ஒன்று. ஸகாரங்கள் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வெடிக்கும். அங்கே ஹெட்ஃபோனில் மேடு இருந்தால் பாடகர் பல் இடுக்கில் காற்று ஊதுவது போல் இருக்கும். இதற்கு மேற்கே ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் "டாம்ஸ் டைனர்", 1987 ஆல்பத்தில் உள்ளது, வாத்தியமே இல்லாத வெறும் குரல். எம்பி3யை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் தம் முறையைச் சீர்படுத்த இந்தப் பாட்டைத்தான் வைத்துக்கொண்டார். மறைந்துகொள்ள வேறு சத்தமே இல்லை என்பதால் எந்தப் பிசிறும் அம்பலமாகிவிடும்.

இடம், தூரம் கேட்க கனடாவின் கௌபாய் ஜங்கீஸ் குழுவின் "தி டிரினிட்டி செஷன்". 1987 நவம்பரில் டொரொன்டோவில் ஒரு தேவாலயத்தில், ஒரே மைக்கைச் சுற்றி எல்லோரையும் நிறுத்திப் பதிந்தது. யார் முன்னே, யார் பின்னே என்று கண்ணை மூடிச் சொல்லலாம். அதைவிட எனக்குப் பிடித்தது மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்க கிதார் கலைஞர் ரை கூடரும் வாசித்த "எ மீட்டிங் பை தி ரிவர்", 1993. அதுவும் ஒரு தேவாலய மண்டபத்தில், வால்வுக் கருவிகளோடு அனலாக் டேப்பில் எடுத்தது. தபலாவின் கீழ் ஒலி அறையில் உருண்டு போவது தெரியும். எல்லாக் கடையிலும் டெமோவுக்குப் போடும் ஈகிள்ஸ் குழுவின் 1994 "ஹோட்டல் கலிபோர்னியா" லைவ் பதிவு வேண்டாம். அதில் எந்த ஹெட்ஃபோனும் நன்றாகத்தான் இருக்கும், அதனால்தான் போடுகிறார்கள்.

நம் பக்கத்தில் கூட்டமான வயலின்களுக்கு இளையராஜாவின் "ஹௌ டு நேம் இட்", 1986. ஜெர்மன் இசைமேதை பாஹ் என்பவருக்கும் நம்ம ஊர் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கியது, எனவே எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. வயலின்கள் ஒரே திரையாக வருகிறதா, தனித்தனி வில்லாகப் பிரிகிறதா என்று பார். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கச்சேரியில் அதிகம் கிடைக்காது, அதற்கு மட்டும் சின்த் பேஸ் உள்ள ஒரு படப்பாட்டு போதும். பழைய பதிவைத் திரும்பச் செப்பனிட்டு விடும் "ரீமாஸ்டர்" பதிப்பை வாங்கும்போது எச்சரிக்கையாக இரு. பலவற்றில் மெல்லிய இடத்தையும் உச்சத்துக்கு இழுத்துச் சமமாக்கியிருப்பார்கள், பத்து நிமிஷத்தில் காது சோர்ந்துவிடும். பழைய சிடியோடு ஒப்பிடும்போது இரண்டின் வால்யூமையும் சமமாக்கு. துளி சத்தம் கூடினாலே காது "இதுதான் நல்லது" என்று தீர்ப்புச் சொல்லிவிடும்.

ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்காதே. ஒரு பாட்டில் ஒரு விஷயம், அரை நிமிஷம், அவ்வளவுதான். கல்யாண மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த அன்று சோதிக்காதே, காது மந்தமாக இருக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மேல் போகாதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வயதில் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கவில்லை என்று ஹெட்ஃபோனைத் திட்டவும் வேண்டாம்.

என்றாவது தொப்பி அடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் கரகரத்தால் உடனே கடைக்கு ஓடாதே. முக்கால்வாசி அது ஹெட்ஃபோனுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர் மேல் விழுந்த ஒரு தலைமுடி. பேடைக் கழற்றி, வெளிச்சத்தில் பார்த்து, ஒட்டு டேப்பின் நுனியால் தொட்டு எடு. வாயால் ஊதாதே, வாக்குவம் வேண்டவே வேண்டாம், சவ்வு போய்விடும். இந்த ஈரப்பதத்தில் பெட்டிக்குள் சிலிகா பொட்டலம் இரண்டு போட்டு வை.

மேலே சொன்னதில் நான்கு சிடி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை பையன் அந்தப் பக்கம் பஸ்ஸில் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். தூசி இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடை, வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடிப் பாட்டு தாவும். கும்கி கேட்டதா இல்லையா என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
மூர்த்தி