எங்கள் ஊர்ச் சோடா: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் சோடா, கலர் தயாரிப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் சங்கம் செய்தவற்றையும், இந்தக் காலத்தில் நம் தொழில் அடைந்த வளர்ச்சியையும் இவ்வறிக்கையில் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டுக்குள் மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தி மேலே தொடர்கிறேன்.

உள்ளூர்ச் சோடாவுக்கு மறுபடியும் ஒரு காலம் வந்திருக்கிறது என்பதை இங்கு யாரும் மறுக்க மாட்டீர்கள். அது இந்த ஆண்டில் திடீரென்று வந்ததும் அன்று. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து, வணிகர் அமைப்புகள் அந்த ஆண்டு மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தபோது, பெட்டிக்கடைக் குளிர்பெட்டியில் நமக்கு ஒரு தட்டு கிடைத்தது. அறிவிப்பின் சூடு சில மாதங்களில் ஆறிவிட்டாலும், அந்தத் தட்டைப் பல கடைக்காரர்கள் நம்மிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. அதன்பின் கல்யாண மண்டபங்கள் வந்தன. பீடா மேசைக்குப் பக்கத்தில் கோலி சோடா மேசை போடுவது இப்போது டெல்டாவில் வழக்கமாகிவிட்டது. முகூர்த்த மாதங்களில் சில உறுப்பினர்களுக்குக் கடை வியாபாரத்தைவிட மண்டப வியாபாரமே பெரிதாக இருக்கிறது.

பன்னீர், எலுமிச்சை, இஞ்சி என்று மூன்று வகையோடு நின்றிருந்த நம் பட்டியலில் நன்னாரி, நெல்லிக்காய், பச்சை மாங்காய், சீரகம் எல்லாம் சேர்ந்துவிட்டன. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும், இளைய உறுப்பினர் ஒருவர் வெற்றிலைச் சோடாவைக் கொண்டுவந்து செயற்குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். முதல் வாய் நன்றாக இருந்தது. அடிநாக்கில் காரல் தங்கியது. கொழுந்து வெற்றிலையாக எடுத்து, அரைக்காமல் பாகில் ஊறவைத்து மட்டும் வடிகட்டிப் பார்க்கும்படி மூத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகள் சிலர், அங்கே காய்ச்சிய இடத்திலேயே ஊற்றிக் கொடுக்கும் பீர்க் கடைகள் பெருகியதைப் பார்த்துவிட்டு வந்து, நம் பாட்டிலிலும் ‘கிராஃப்ட்’, அதாவது சிறு அளவில் கைப்படச் செய்தது, என்று போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. நம் மாநிலத்தில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் இருப்பதால், சின்னச் சின்னக் கூடங்களில் ஊருக்கு ஒரு சுவையாகப் பீர் காய்ச்சும் வேலை இங்கே நடக்க வழியில்லை. அங்கே பீரில் நடப்பது இங்கே சோடாவில் நடக்கலாம். ஆனால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்பவர் பாகைத் தாமே காய்ச்ச வேண்டும் என்பதே என் கருத்து. இவ்வறிக்கையில் அதையே முதலில் சொல்கிறேன்.

ஏனென்றால் நம் வளர்ச்சி இரண்டு விதமாக இருக்கிறது. வெளியூரிலிருந்து எசன்ஸும் சாக்கரினும் கலந்த அடர்பாகைக் கேனில் வாங்கி, தண்ணீரும் கேஸும் ஏற்றி, பிளாஸ்டிக் கோலி பாட்டிலில் அடைத்து, ஊர்ப் பெயரை லேபிளில் ஒட்டுவது ஒரு விதம். முதலீடு போட்ட மாதமே சரக்கு இறங்கிவிடும். திருவாரூரில் விற்கும் ‘பன்னீர்’ பாட்டிலும் சேலத்தில் விற்கும் ‘பன்னீர்’ பாட்டிலும் ஒரே கேனிலிருந்து வந்திருக்கலாம். நாட்டுமருந்துக் கடையில் நன்னாரி வேரை முகர்ந்து பார்த்து வாங்கி, நடுத்தண்டை நீக்கி, பட்டையை மட்டும் நசுக்கி இரவு முழுக்க ஊறவைப்பதும், புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை விலை ஏறும் கோடையிலும் பழத்தைப் பிழிந்தே பாகு கூட்டுவதும் மற்றொரு விதம். முதல் விதத்தார் எண்ணிக்கையில் வேகமாகக் கூடுகிறார்கள். ஒரு கோடை முடிந்ததும் அவர்களில் பலரைக் காணவில்லை. கடைக்காரர் இரண்டாவது முறையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் சரக்கு பெரும்பாலும் இரண்டாம் விதத்தாருடையதாகவே இருப்பதை, தஞ்சாவூர், மன்னார்குடிக் கடைத்தெருக்களில் விசாரித்தபோது நானே கேட்டேன். பெரிய நிறுவனங்கள் 10 ரூபாய்க்குக் கலர் விற்கத் தொடங்கிவிட்ட இந்நாளில், அவர்களைப் போலவே இனிக்கும் ஒரு பாட்டிலை அதே விலையில் விற்று நாம் பிழைக்க முடியாது.

இந்த ஆண்டு நடத்திய பயிற்சிகளில் உறுப்பினர்கள் அதிகம் பேசியது கேஸ் நிற்பதைப் பற்றியே. ‘சிலிண்டரில் அழுத்தத்தைக் கூட்டியும் பாட்டிலைத் திறந்ததும் சப்பென்று இருக்கிறது’ என்ற குறை பல கூடங்களிலிருந்து வந்தது. சுவாமிமலைப் பக்கம் உள்ள ஒரு கூடத்தில் எல்லோரையும் கூட்டி, ஒரே சிலிண்டரிலிருந்து, ஒரே அழுத்தத்தில், தொட்டித் தண்ணீரையும் ஐஸ் பெட்டியில் குளிர்வித்த தண்ணீரையும் தனித்தனியே நிரப்பிக் காட்டினோம். சாதாரணக் காற்றழுத்தத்தில் 5 டிகிரிக் குளிரில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1.4 லிட்டர் கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் 0.7 லிட்டர்கூட ஏற்காது. சித்திரை வெயிலில் மேல்மாடித் தொட்டியிலிருந்து நேரே குழாய் வைத்து நிரப்புபவர், கேஸுக்குக் கொடுக்கும் காசில் பாதியைக் காற்றில் விடுகிறார் என்பது அன்று நாக்காலேயே தெரிந்தது. குளிர்விப்பான் வாங்க வசதி இல்லாதவர்கள் விடியற்காலையில் நிரப்பினாலே வேறுபாடு தெரியும் என்று அந்தக் கூடத்துப் பெரியவர் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கேஸ் போவதற்கு மற்றொரு காரணம் கழுத்து ரப்பர். இங்கிலாந்தின் ஹிராம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற அமைப்பையே நாம் இன்றும் கையாள்கிறோம்: பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்பும்போது கோலி கழுத்துக்கு இறங்கி வர, உள்ளிருக்கும் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வளையம் காய்ந்து ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், ராத்திரிக்குள் கேஸ் இறங்கிவிடும். நிரப்பிய பாட்டில்களின் கழுத்தில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் குமிழி விடுவது கண்ணுக்குத் தெரியும். இதைச் செய்து பார்த்த உறுப்பினர்கள் ஒதுக்கிய வளையங்களை ஒரு தட்டில் கொட்டியபோது, கடைக்காரர் மீது நாம் சொல்லிவந்த பழியில் எவ்வளவு நம்முடையது என்பது எல்லோருக்கும் விளங்கியது.

பாட்டில் கழுவுவதில் இன்னும் கவனம் வேண்டும். கோலி பாட்டிலின் இடுக்கிய கழுத்துக்குள் தூரிகை சரியாக நுழையாததால் காஸ்டிக் சோடாக் கரைசலையே நம்பியிருக்கிறோம்; அது முழுவதும் போகும்வரை அலச வேண்டும். கடைசியாக அலசிய நீரில், காரம் மிஞ்சியிருந்தால் நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு தட்டினால் அந்த கிரேட்டின் பாட்டில்களை மறுபடி அலசுங்கள். ஒரு சிறு புட்டி பல மாதம் வரும். செலவு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கடற்கரைப் பக்க உறுப்பினர்கள் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதைத் தனியே கவனிக்க வேண்டியிருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் மட்டும் 2,000 வரை விடுகிறது. குடிக்க ஏற்கும் நீர் எல்லாம் சோடாவுக்கு ஏற்காது. உப்பு நாக்கில் பட்டால் பன்னீரின் மணம் அமுங்கிவிடும்.

இனி வரி. 2025 செப்டம்பர் 3-இல் கூடிய 56-ஆவது ஜிஎஸ்டி மன்றக் கூட்டத்தின் முடிவுகள் செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. சர்க்கரையும் மணமும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு 18 சதவீதம் 5 ஆனது. அதை மட்டும் தயாரிக்கும் உறுப்பினர்களுக்கு இது பெரிய ஆறுதல். இனிப்போ மணமோ சேர்த்த சோடாவுக்கு முன்பு 28 சதவீத வரியும் 12 சதவீத மேல்வரியும் இருந்தன. இப்போது ஒரே வரியாக 40 சதவீதம். பெயர் மாறியதே தவிர பாரம் குறையவில்லை. ஒரு பாட்டில் பன்னீர் சோடாவை வரியோடு 7 ரூபாய்க்குக் கடையில் போட்டால் 2 ரூபாய் வரிக்குப் போய், மீதி 5 ரூபாயில் பாகு, கேஸ், கூலி, வண்டி, உடைந்த பாட்டில் அனைத்தையும் பார்க்க வேண்டும். பழச்சாறு பானத்துக்கு வரி 12-லிருந்து 5-ஆக இறங்கியிருக்க, அதே சாற்றில் கேஸ் ஏற்றிவிட்டால் 40 என்பது எலுமிச்சைச் சோடாக்காரருக்குப் புரியாத கணக்கு. போதாக்குறைக்கு, சிறு தயாரிப்பாளர்கள் விற்றுமுதலில் 1 சதவீதம் மட்டும் வரியாகக் கட்டிவிட்டுப் போகும் காம்போசிஷன் திட்டத்திலிருந்து நம் தொழிலை 2019 அக்டோபர் 1 முதல் நீக்கிவிட்டார்கள். பான் மசாலாவும் புகையிலையும் இருக்கும் வரிசையில் பன்னீர் சோடா உட்கார்ந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மத்திய வணிக அமைச்சகமே அமெரிக்கா, ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்குக் கோலி சோடா போவதைப் பெருமையாக அறிவித்ததையும் சுட்டிக்காட்டி, சிறு கூடங்களுக்கு மட்டுமாவது காம்போசிஷன் திட்டத்தைத் திரும்பத் தர வேண்டும் என்று உரிய இடங்களுக்கு மனு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மீண்டும் அனுப்புவோம்.

லேபிள் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை விதித்தபின், வாங்குவோர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு எண், தயாரித்த தேதி, சேர்மானங்கள், அதிகபட்ச விலை இல்லாத பாட்டிலுக்குச் சங்கம் பரிந்து பேசாது. பன்னீர் சோடாவுக்குச் சாயமே தேவையில்லை. தெளிவாக இருப்பதே அதற்கு அழகு.

கண்ணாடி பாட்டில் திரும்பி வராததே இந்த ஆண்டில் பலருக்கும் கையைக் கடித்தது. மண்டபத்துக்குப் போன கிரேட்கள் பாதி காலியாகத் திரும்புகின்றன. குழந்தைகள் கோலிக்காக உடைப்பது பழைய கதை என்றாலும், அலங்காரத்துக்கென்று பெரியவர்கள் பையில் போட்டுக்கொண்டு போவது புதிய கதை. புதுக் கோலி பாட்டில் உத்தரப் பிரதேசத்திலிருந்து லாரியில் வர வேண்டியிருப்பதால் ஒவ்வொரு இழப்பும் பல நாள் லாபத்தைத் தின்றுவிடுகிறது. காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற டாஸ்மாக் ஏற்பாடு 2022-இல் நீலகிரியில் தொடங்கி வேறு மாவட்டங்களுக்கும் வந்தபின், பாட்டிலுக்கு முன்பணம் கேட்டால் முகம் சுளிக்கும் பழக்கம் மக்களிடம் குறைந்திருக்கிறது. ஆளுக்கொரு தொகை கேட்டுக் கடைக்காரரைக் குழப்பாமல் எல்லோரும் ஒரே தொகை கேட்க வேண்டும்; ஒருவர் பாட்டில் இன்னொருவர் கிரேட்டில் வந்தால் மாதக் கடைசியில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கும்பகோணத்தில் 2016-க்குப் பின் அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. லட்சக்கணக்கில் மக்கள் கூடும் அந்த நாள்களில் வெளியூர்ச் சரக்கு லாரி லாரியாக வந்து இறங்கும். கிரேட், பாட்டில், குளிர்விப்பான் ஆகியவற்றுக்கு இப்போதே ஏற்பாடு செய்தால்தான் நம் சரக்கு குளக்கரைக் கடைகளில் இருக்கும். சிறு உணவுத் தொழில்களுக்கு 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் தகுதியான முதலீட்டுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. தனித்தனியே கேட்டு அலைந்த உறுப்பினர்கள் சலித்துப்போயிருப்பதை அறிவேன். திட்ட அறிக்கை எழுதித் தரவும் வங்கிக்கு உடன் வரவும் செயற்குழுவில் இருவரை அமர்த்தியிருக்கிறோம்.

செயற்குழு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறது. பாகைத் தம் கூடத்திலேயே தயாரிப்பவர்களுக்கு மட்டும் சங்க முத்திரையை வழங்குவது. கண்ணாடி பாட்டிலுக்கு எல்லா வட்டாரங்களிலும் 10 ரூபாய் முன்பணம் வாங்குவது. மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கூடத்தின் நீரையும் சங்கச் செலவில் பரிசோதிப்பது. முதல் தீர்மானத்துக்கு எதிர்ப்பு இருப்பதை அறிவேன். அடர்பாகு வாங்கித் தொழில் செய்யும் உறுப்பினர்களை வெளியேற்றுவது நோக்கமன்று. அவர்கள் சங்கத்தில் தொடரலாம், வேர் ஊறவைக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு ஆடி மாதம் மூன்று நாள் பயிற்சியும் உண்டு. ஆனால் கேனிலிருந்து ஊற்றியதற்கு ஊர் முத்திரை கொடுக்க என்னால் ஒப்ப முடியாது. வாக்கெடுப்பு கைதூக்கி நடைபெறும். அதன்பின் புதிய நிர்வாகிகள் தேர்வுக்கான மனுக்களைத் தலைவர் பெற்றுக்கொள்வார்.

இங்ஙனம்,
செயலாளர்