ஜார் மன்னரை வீழ்த்தியது லெனின் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரஷ்யப் புரட்சிக் கட்டுரையைப் படித்தேன். 1917-ல் ஜார் மன்னரை வீழ்த்தி லெனின் ஆட்சியைப் பிடித்தார் என்று அதன் முதல் பத்தியிலேயே இருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். ஆண்டு தவறாமல் விடைத்தாள்களில் நான் சிவப்பு மையால் திருத்திய வரி இது. உங்கள் இதழிலும் அதைப் பார்த்ததும் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாம் நிக்கோலாஸ் முடிதுறந்தது 1917 மார்ச் 15. அன்று லெனின் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார். அந்த ஜனவரியில்தான் அங்கே இளைஞர்களிடம் பேசும்போது, வரப்போகும் புரட்சியின் முடிவான போராட்டங்களைக் காண மூத்த தலைமுறையினரான தாங்கள் உயிரோடு இல்லாமல் போகலாம் என்று சொல்லியிருந்தார். அவர் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் ரயிலை விட்டு இறங்கியது ஏப்ரல் 16. மன்னராட்சி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நம் பாரதியார் ரஷ்யாவைப் பற்றிப் பாடியதும் ஜாரின் வீழ்ச்சியைத்தான். அந்தப் பாட்டில் லெனின் பெயரே கிடையாது.

மன்னரை வீழ்த்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியது நெசவாலைப் பெண்களை. மார்ச் 8 அன்று பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். மூன்றாவது ஆண்டாக நடந்துகொண்டிருந்த உலகப் போர் ஆண்களைப் போர்முனைக்கு இழுத்துப் போயிருந்தது. உணவுக்கு நெடிய வரிசைகள். அடுத்தடுத்த நாள்களில் மற்ற ஆலைகளும் சேர்ந்துகொண்டன. முந்தைய நாள் கூட்டத்தைச் சுட்ட வோலின்ஸ்கி படைப்பிரிவு வீரர்கள், மார்ச் 12 காலையில் இனிச் சுட மாட்டோம் என்று மறுத்து மக்களோடு சேர்ந்தார்கள். தலைநகரின் மற்றப் படைகளும் அவர்கள் பின்னே போயின. மன்னர் ஏறிய ரயிலால் தலைநகரை எட்ட முடியவில்லை. ப்ஸ்கோவ் நகருக்குத் திரும்பியது. அங்கே அவர் கைக்கு வந்த தந்திகள், பதவி விலகுங்கள் என்று அவருடைய சொந்தத் தளபதிகளே அனுப்பியவை. மறுநாள் தம்பி மிக்கேலும் முடியை ஏற்க மறுத்தார். 1613-ல் தொடங்கிய ரோமனோவ் வம்ச ஆட்சி அத்தோடு முடிந்தது.

லெனின் வீழ்த்தியது அதன்பின் வந்த இடைக்கால அரசை. இதை மாணவர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த அரசிடம் மக்கள் கேட்டவை இரண்டுதான்: போரை நிறுத்து, நிலத்தைக் கொடு. போர் அமைச்சராக இருந்த கெரென்ஸ்கி போரை நிறுத்தாமல் புதிய தாக்குதலுக்கு உத்தரவிட்டார். நிலப் பிரச்சினையை அரசியல் நிர்ணய சபை கூடிப் பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிப்போட்டார்கள். விவசாயிகள் காத்திருக்கவில்லை, பண்ணைகளில் தாங்களே புகுந்தார்கள். அந்த நிலப் பங்கீட்டில் தங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று சிப்பாய்கள் போர்முனையை விட்டு ஊருக்கு நடந்தார்கள். நவம்பர் 7 அன்று அந்த அரசைக் காப்பாற்றத் தலைநகரில் ஏறக்குறைய யாருமே இல்லை. மறுநாளே சமாதான ஆணையும் நில ஆணையும் வந்துவிட்டன. இந்த எட்டு மாதத் தாமதத்தை விட்டுவிட்டுப் புரட்சியைச் சொன்னால் அது கதையாகிவிடும், வரலாறு ஆகாது.

பிடித்ததைத் தக்கவைத்தது எப்படி என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் லெனின் கட்சிக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு. 1918 ஜனவரியில் சபை ஒரே ஒரு முறை கூடியது. மறுநாள் கதவைப் பூட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே, டிசம்பரில், சேக்கா என்ற இரகசியப் போலீஸ் வந்துவிட்டது. உள்நாட்டுப் போரில் லெனினின் எதிரிகளான வெள்ளைப் படைகள் வென்றால் பண்ணையார்கள் திரும்புவார்கள் என்ற அச்சம் விவசாயிகளைப் பல இடங்களில் லெனின் அரசின் செம்படைப் பக்கம் நிறுத்தியது. அதே விவசாயிகளின் தானியத்தைச் செம்படை பறித்தும் போனது. 1921 மார்ச்சில், புரட்சியின் பெருமை என்று போற்றப்பட்ட கிரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகளே எதிர்த்து எழுந்தபோது அவர்களை அடக்கினார்கள். அதே மாதம் கூடிய கட்சி மாநாட்டில் தானியப் பறிமுதலை நிறுத்தி வரியாக மாற்றினார்கள். கட்சிக்குள் கோஷ்டிகளுக்கும் தடை போட்டார்கள். விவசாயிக்கு இறங்கிக் கொடுத்ததும் கட்சிக்குள் வாயடைத்ததும் ஒரே மாதத்தில், ஒரே மாநாட்டில் நடந்தவை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த ஆட்சி நிலைத்ததை விளக்க முடியாது.

செட்டிநாட்டுக்காரனுக்கு இது தூரதேசத்துச் செய்தி அல்ல. என் ஐயா, வட்டிக்கடையின் கடைநிலை வேலையாளான பெட்டியடிப் பையனாக வியட்நாமின் சைகோனுக்குக் கப்பல் ஏறி, மேலாளாக உயர்ந்தவர். எங்கள் நகரத்தார் அங்கே நெல் விளையும் மண்ணில் கடன் கொடுத்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. பர்மாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலம் 1938-ல் 25 விழுக்காடு ஆனது. நம் ஐந்தொகையில் சொத்தாக ஏறிய ஒவ்வோர் ஏக்கரும் அங்கே ஒரு குடும்பம் இழந்த ஏக்கர். இதை எழுத எனக்கு வலிக்கிறது. ஆனால் வரலாற்று ஆசிரியன் எழுதாமல் இருக்கக் கூடாது.

வியட்நாமில் மன்னராட்சி போன விதம் வேறு. 1945 மார்ச்சில் ஜப்பானியர் பிரெஞ்சு ஆட்சியை அகற்றினார்கள். ஆகஸ்டில் ஜப்பானும் சரணடைந்தது. வடக்கே கொடிய பஞ்சம். ஹோ சி மின் தலைமையிலான கம்யூனிஸ்ட் விடுதலை இயக்கமான வியட் மின்னைச் சேர்ந்தவர்கள் நெல் கிடங்குகளை உடைத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். ஊர்கள் அவர்கள் பின்னே திரண்டது அதனால்தான் என்பது என் கணிப்பு. ஆகஸ்ட் 30 அன்று ஹுவே நகரில் மன்னர் பாவோ தாய் முத்திரையையும் வாளையும் அவர்களிடம் ஒப்படைத்தார். ஹோ சி மின் அவரைத் தம் அரசின் ஆலோசகராக ஆக்கினார். 1918 ஜூலையில் ஜாரையும் குழந்தைகளையும் நிலவறையில் சுட்டுக் கொன்றதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் 1953 முதல் 1956 வரை வடக்கில் நடந்த நிலச் சீர்திருத்தத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். தவறு நடந்தது என்று அந்த அரசே ஒப்புக்கொண்டு, கட்சிப் பொதுச்செயலாளரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1975-ல் சைகோனும் அவர்கள் வசமானது. அங்கே நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் நிற்கிறது.

நேபாளத்தையும் கட்டுரையாளர் ரஷ்யாவின் வரிசையில் வைத்திருக்கிறார். அது பொருந்தாது. 2008 மே 28 அன்று அங்கே மன்னராட்சியை ஒழித்தது தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் வாக்கெடுப்பு. மாவோயிஸ்டுகள் தேர்தலில் முதலிடம் பெற்று அரசு அமைத்தார்கள். இராணுவத் தலைமைத் தளபதியை நீக்க முயன்று முடியாமல் 2009 மே மாதம் அவர்களின் தலைவரும் பிரதமருமான பிரசண்டா பதவி விலகினார். படை அவர்கள் கையில் இல்லை. சீனாவைப் பற்றி ஒன்று மட்டும்: கடைசி மன்னர் முடிதுறந்தது 1912-ல், அங்கே கம்யூனிஸ்ட் கட்சி பிறந்ததே 1921-ல்தான்.

எங்கள் வளவு வீட்டில் ஐயாவின் சைகோன் பேரேடு இன்னும் இருக்கிறது. அதில் வரவேண்டிய தொகைகளுக்கு எதிரே ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் தமிழில் எழுதியிருக்கின்றன. அந்த ஊர்களில் அடுத்து என்ன நடந்தது என்று தேடப்போய்த்தான் நான் வரலாறு படித்தேன். ஆகவே இந்த விஷயத்தில் ஒரு வரி தவறினாலும் எனக்குப் பொறுக்காது.

எங்கள் ஊர் வாசகசாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இதழைப் பார்த்துத்தான் குறிப்பெடுக்கிறார்கள். அங்கிருக்கும் பிரதியில் அந்தப் பத்தியின் ஓரத்தில் மார்ச் 15, நவம்பர் 7 என்ற இரண்டு தேதிகளையும் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்காக, அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தேவகோட்டை