கல்லில் செய்த குஞ்சம்

காரைக்குடி,
9.3.2025

அன்பு மகள் மீனாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ எப்போதும் காரில்தான் இருக்கிறாய். ‘சிக்னல் விழுந்துருச்சுப்பா’, ‘கதிரைக் கூப்பிடப் போகணும்ப்பா’ என்று நாலு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். காரை ஓட்டிக்கொண்டே பேசாதே என்று எத்தனை தடவை சொல்வது? வீட்டுக்கு வந்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டு, உட்கார்ந்து பேசு.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடிக் குழாயை மாற்றியாயிற்று. பெரியவன் விஷயம் உனக்குத் தெரியும், அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

நான் எழுத உட்கார்ந்தது, கலிபோர்னியாவில் உன்னிடம் வந்திருந்தபோது நீ கூட்டிப்போய்க் காட்டிய அந்தக் கடலோரத்து மாலிபு வீட்டைப் பற்றி. ஊருக்கு வந்ததிலிருந்து எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிஸ்னிலேண்ட் எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம்கூட அதைத்தான் சொன்னேன். நம் முருகேசன் நேற்று, ‘மேஸ்திரி, கல்லிலயே கம்பளமா, கதை விடாதீங்க’ என்றான். நீ எடுத்த போட்டோவை அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டேன். வேலை இருக்கும், தெரியும். ஆனாலும் ஒரு போட்டோ அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அந்தக் கம்பளம் கண்ணிலேயே நிற்கிறது. கூடத்துத் தரை நெடுகப் பாரசீகக் கம்பளம் விரித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓரத்தில் மிதித்துவிடக் கூடாதே என்று காலைத் தூக்கிவிட்டேன். நீ சிரித்தாய். அந்த மூன்று மாதத்தில் நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான். குந்தி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் முனையில் தொங்குகிற குஞ்சமும் சுட்ட டைல்ஸ் கல் என்று தெரிந்தது. நூல் நூலாக இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் தளம் போட்டவன் நான், கல்லில் குஞ்சம் பார்த்ததில்லை.

நம் ஆத்தங்குடிக் கல் வேறு சாதி. கண்ணாடிமேல் அச்சு வைத்துச் சிமெண்ட் சாயம் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறோம், அதற்கு நெருப்பே கிடையாது. அங்கே களிமண்ணைப் பலகையாக அழுத்தி, கோலம் மாதிரி கோடு போட்டு, அந்தக் கோட்டில் எண்ணெய்ப்பசையும் கறுப்புப் பொடியும் கலந்து இழுத்துவிட்டு, கோட்டுக்குள்ளே ஒவ்வொரு நிறமாக விடுகிறார்கள். சூளைக்குள் நிறம் உருகி ஓடினாலும் பசை தடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் நீலமும் மஞ்சளும் இருக்கும், நடுவில் மயிரிழைக் கறுப்பு. ஒன்றோடொன்று ஒட்டாது. நீ அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் விரல் படாமல் காட்டிக்கொண்டே நின்றாய்.

கைடு அம்மா சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொத்தனார் மகள் அந்த வெள்ளைக்காரக் கூட்டத்தில் அவ்வளவு நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கிறாளே என்று. கட்டட வரைபடம் போட்ட ஸ்டைல்ஸ் கிளெமன்ட்ஸ் பெயரைச் சொல்கிறார்கள், சூளையை நடத்திய ரூஃபஸ் கீலர் பெயரைச் சொல்கிறார்கள், கல் பதித்தவன் யார் என்று கேள் என்றேன். நீயும் கேட்டாய். அந்த அம்மா சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். எந்த ஊரிலும் அப்படித்தான்.

அந்த மாலிபு நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரியாக இருந்த மே ரிண்ட்ஜ் அம்மாள் கதையை நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். புருஷன் 1905-ல் போனபின் அவ்வளவு பெரிய பண்ணையை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டு, ரோடு போட விடமாட்டேன் என்று கேட்டைப் பூட்டி, காவல் போட்டு, அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1923-ல் தோற்றிருக்கிறார். அவ்வளவு வருஷம் மல்லுக்கட்டி 1929-ல் ரோடு வந்தேவிட்டது. நடுவில் 1926-ல் கடற்கரையிலேயே இந்தக் கல்லுக்குச் சூளை போட்டிருக்கிறார், கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம். சொந்த நிலத்து மண், நூறு பேருக்கு மேல் வேலை. 1931-ல் தீப்பிடித்து, 1932-ல் மூடிவிட்டார்கள். ஆறே வருஷம். 1941-ல் அவர் சாகும்போது கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அம்மா கேட்டுவிட்டு, ‘வீம்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த வீடு அவர் மகள் ரோடாவுக்கும் மருமகனுக்கும். மருமகன் ஆடம்ஸன் பால்பண்ணை வைத்தபோது பெண்டாட்டி பெயரின் இங்கிலீஷ் எழுத்தைத் திருப்பிப் போட்டு ‘அடோர்’ என்று வைத்தாராமே. நான் ‘பார்த்தியா, மனுஷன்!’ என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் போய்விட்டாய். வெளியே ஆள் ஆளாக அலைமேல் பலகை போட்டு நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? பொங்கலன்று வீடியோவில் நீயும் கதிரும்தான் இருந்தீர்கள். ஆபீஸ் என்றாய். இருக்கும். அங்கே ஏது பொங்கல் லீவு.

நாயைக் குளிப்பாட்டக்கூட வெளியே பூக்கல் பதித்த தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால் முருகேசன் அதையும் நம்பவில்லை. அந்தப் போட்டோவையும் சேர்த்து அனுப்பு. மயில் ஊற்றையும்.

அப்படிப்பட்ட வீட்டை 1968-ல் சர்க்கார் வாங்கி, இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணப் பார்த்தார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. உள்ளூர்க்காரர்கள் மறித்து நின்றதால் தப்பித்திருக்கிறது.

ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துப் பாலிசேட்ஸ் தீயை டிவியில் காட்டினானே, நானும் அம்மாவும் தூங்கவே இல்லை. மாலிபு கடற்கரையோடு வீடுகள் எரிவதைப் பார்த்துக்கொண்டே உனக்கு ஐந்து தடவை அடித்தேன். நீ எடுக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளைக்கு அடித்தேன். ‘அவ வீட்டிலதான் இருப்பா மாமா, அடிச்சுப் பாருங்க’ என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ராத்திரி பத்து மணிக்குப் பெண்டாட்டி பிள்ளை வீட்டில் இருக்கிறார்களா என்று தெரியாத மனுஷன் எங்கே இருந்து பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடமும் இதைச் சொல்லவில்லை. அந்த மாலிபு வீடு எரியவில்லை என்று மறுநாள் நீதான் சொன்னாய். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு அதைச் சொன்னாய்.

தளம் போட்டு முடித்ததும் நான் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்ப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் பின்னாலேயே தட்டிக்கொண்டு வருவாய். அடியில் கலவை நிறையாத கல் பொள்ளென்று சத்தம் போடும். மேலே பார்க்க ஒன்றும் தெரியாது. போனில் ‘நல்லாருக்கேன்ப்பா’ என்கிறாயே, எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. காரை ஓட்டிக்கொண்டே பேசாதே.

ஆத்தா, இதை எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் இரண்டு பக்கம் கல்லையும் சூளையையும் எழுதினேன். முடியவில்லை. அன்றைக்கு அம்மாவையும் கதிரையும் விட்டுவிட்டு, லீவு போட்டு என்னை மட்டும் அவ்வளவு தூரம் மலைப்பாதையில் எதற்குக் கூட்டிப்போனாய்? நட்சத்திர ஊற்றுப் பக்கத்தில் ‘அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று ஆரம்பித்தாய். நான், ‘இரு இரு, இந்த முனையெல்லாம் எப்படிச் சேர்த்திருக்கான் பாரு’ என்றேன். கிழவனுக்குக் காது மந்தம் என்று விட்டுவிட்டாய். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டதால்தான் அப்படிப் பேசினேன். திரும்பி வரும் வழியெல்லாம் சூளை, சாயம், ஜாயிண்ட் என்று வாய் ஓயாமல் பேசினேனே, நீ மறுபடி ஆரம்பித்துவிடுவாயோ என்று பயந்துதான்.

கல்யாணமான மறுவருஷம் ஆடிக்கு வந்திருந்தபோதும் கொல்லைப் படியில் உட்கார்ந்துகொண்டு இதையேதான் சொன்னாய். ‘கொத்தனார் மகளுக்கு அமெரிக்கா மாப்பிள்ளைன்னு ஊரே பேசுது, அனுசரிச்சுப் போ’ என்றேன். மூன்றாம் நாள் நானே மதுரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். திருப்பத்தூரில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன். நீ குடிக்கவே இல்லை. ஆடை படியப் படிய டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். கடைக்காரன் வந்து டம்ளரைக் கேட்டான். அதைப் பார்த்துவிட்டும் வண்டியைத் திருப்பாதவன் நான். உன் அம்மா அன்றைக்கே சொன்னாள். அவளை வாயை மூடு என்றேன். அதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை.

ஊர் பேசுவது இருக்கட்டும். ஊரில் பாதிப்பேர் வீட்டுத் தளம் நான் போட்டது.

பின்பக்க அறையின் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் ஓதம் அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நீலமும் மஞ்சளும்தான். ஓரத்தில் ஒரு வரிசை குஞ்சம் மாதிரி செய்யலாம் என்று ஆத்தங்குடியில் அச்சு வெட்டச் சொல்லிப் பார்த்தேன், ஒழுங்காக வரவில்லை, துடைப்பம் மாதிரி இருக்கிறது. கதிர் பார்த்தால் சிரிப்பான். இரண்டு கட்டில் போட இடம் இருக்கிறது. பள்ளிக்கூட லீவு எப்போது என்று எழுது. லீவு இல்லாவிட்டாலும் எழுது.

வீட்டில் வைத்துப் பேச முடியாது என்றால் காரிலிருந்தே பேசு. ஓட்டாதே, ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசு. எனக்கு ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை. கல்லைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா