உழவை விட்டுப் போனவர்கள் ஆலையில் போய்ச் சேர வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்கள் உழவை விட்டுப் போகிறார்களே என்று வருந்தித் தங்கள் இதழில் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். நாற்பது ஆண்டுகள் மேட்டாங்காட்டில், அதாவது மேட்டுப் புன்செய் நிலத்தில், சோளமும் கொள்ளும் விதைத்தவன் நான். போகட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆலைவேலைக்குப் போனவர்கள் முழுதாக அங்கே போய்ச் சேரவில்லை. அதுதான் என்னை வாட்டுகிறது.

2023-24 கணக்குப்படி நாட்டில் வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு 46 பேர் வேளாண்மையில் இருந்தார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் வேளாண்மையின் பங்கோ ஐந்தில் ஒன்றுகூட இல்லை. இத்தனை பேர் இவ்வளவு சிறிய சோற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்தால் யார் வயிறு நிறையும்?

வயலும் ஆலையும் பகை என்பதுபோல் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் கொங்குப் பகுதியின் கதை அப்படியில்லை. கரிசலில் விளைந்த பருத்தி கோவைக்கு நூற்பாலைகளைக் கொண்டுவந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. கிணற்றுக்கு மோட்டார் கேட்டான் உழவன், பட்டறைகள் அதைச் செய்து கொடுத்தன. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஒரு சோடி எருதை விற்றுப் பம்புசெட் வாங்கினார். விடியற்காலை மூன்று மணிக்கே எருது பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கத் தொடங்கும் வீடு எங்களுடையது. முதல் நாள் மோட்டாரைப் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியதைப் பார்த்து, வடம் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை அம்மா தண்ணீரில் நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்த மோட்டாரை வார்த்ததும் பொருத்தியதும் எங்களைப் போன்ற காட்டு வேலைக்காரர்களின் பிள்ளைகள்தாம்.

தைவானிலும் உழவன் கையில் முதலில் காசு நின்றது. 1949இல் குத்தகை விளைச்சலில் 37.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள். 1953இல் உழுகிறவனுக்கே நிலத்தைக் கொடுத்தார்கள். கௌசியுங் துறைமுகத்தில் ஏற்றுமதி ஆலைகளுக்கான மண்டலம் திறந்தது அதற்குப் பிறகு, 1966இல்.

ஆலை வயலைக் கெடுத்ததையும் மறைக்க விரும்பவில்லை. பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே கழிவைச் சுத்திகரிப்பதில் வேகம் வந்தது.

இப்போது என் அக்கா மகனைப் பற்றிச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகப் பவர் டேபிள் எனும் மின் தையல் இயந்திரத்தில் டைலர். பீஸ் ரேட்தான், தைத்த உருப்படிக்கு மட்டும் கூலி. ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்டு, இல்லாவிட்டால் வீடு. ஊரில் அவனுக்கு மூன்று ஏக்கர் புன்செய்க் காடு இருக்கிறது. கிளுவை வேலி சரிந்து, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் குத்தகைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. விலைக்கும் கேட்டார், அதற்கும் இசையவில்லை. “நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டால் எங்கே போவது மாமா? காடு கிடக்கட்டும்” என்கிறான். அவன் பயம் பொய்யில்லை. 2020 ஊரடங்கில் மனைவி பிள்ளைகளோடு வந்து நான்கு மாதம் இங்கேதான் இருந்தான். நாடு முழுவதும் அப்படித்தான் திரும்பினார்கள். 2018-19இல் 42.5 விழுக்காடாக இறங்கியிருந்த வேளாண்மையில் இருப்பவர்களின் பங்கு 2020-21இல் 46.5 ஆக ஏறியது. 2023-24இலும் 46.1. நோய் போன பிறகும் அந்த ஆண்டுவரை கணக்கு பழைய நிலைக்கு இறங்கவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

ஆலைவேலை நிலைக்காதவரை அவன் காட்டை விடமாட்டான். அவன் விடாதவரை இங்கே உழ விரும்புகிறவனுக்கும் நிலம் கிடைக்காது. இரண்டு பக்கமும் முடிச்சு ஒன்றுதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டும் செய்தியில் எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அந்த வேலைகளில் எத்தனை நிரந்தரம், எத்தனை ஒப்பந்தம், எத்தனை பேருக்கு வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படும் என்பதையும் அதே பக்கத்தில் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
காங்கேயம்.