கன்பராவுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ சொன்ன செய்தி கேட்டு அப்பாவுக்கும் எனக்கும் நல்ல சந்தோசம். ஒரு சுயேச்சை உறுப்பினரின் அலுவலகத்தில், அதுவும் பாராளுமன்றக் கட்டடத்துக்கு உள்ளேயே வேலை. ஆனால் போனை வைக்கும்போது நீ சொன்ன ஒரு வசனம் மனதை விட்டுப் போகவில்லை. "லேபருக்கு 150இல் 94 ஆசனம் இருக்கு அம்மா, எங்கட ஆளின்ட ஒரு வோட்டை யார் தேடப் போகினம்?" என்றாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக இருந்து வாசி.

2010ஆம் ஆண்டுத் தேர்தல் நடந்தபோது நீ ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். ஆகஸ்ட் 21 வாக்களிப்பு. எண்ணி முடித்தால் பிரதமர் ஜூலியா கில்லார்டின் லேபர் கட்சிக்கு 72, எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபொட்டின் கூட்டணிக்கும் 72. ஆட்சி அமைக்க 76 வேண்டும். மிச்சமிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்: தாஸ்மேனியாவிலிருந்து அன்ட்ரூ வில்கி, கிறீன்ஸ் கட்சியின் அடம் பாண்ட், நாட்டுப்புறத் தொகுதிகளிலிருந்து டோனி வின்ட்சர், ரொப் ஓக்‌ஷொட், பொப் கட்டர், பிறகு மேற்கு அவுஸ்திரேலியாவின் நாஷனல் கட்சிக்காரர் ஒருவர். 17 நாள் நாட்டுக்கு முடிவு இல்லை. கடைசியில் வின்ட்சரும் ஓக்‌ஷொட்டும் லேபர் பக்கம் வர, 76க்கு 74. இவ்வளவு மெல்லிய பெரும்பான்மையோடு ஒரு அரசாங்கம் மூன்று வருடம் ஓடும் என்று எங்களோடு வேலை செய்தவர்கள் ஒருவரும் நம்பவில்லை.

அந்த மூன்று வருடத்தை இப்போது எல்லோரும் சண்டைக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். கில்லார்டுக்கு முன்பு பிரதமராக இருந்த கெவின் ரட் 2012 பெப்ரவரியில் லேபர் தலைமைக்குப் போட்டியிட்டு 71க்கு 31 என்று தோற்றார். 2013 மார்ச் 21ஆம் திகதி காலையில், கட்டாயத் தத்துக்கொடுப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் கில்லார்ட் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கே அவருடைய சொந்த அமைச்சர் சைமன் கிரீன் தலைமைத் தேர்தல் வேண்டும் என்று எழும்பினார். ரட் போட்டியிடவே இல்லை. அந்தத் தாய்மார் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நாளின் செய்தி இந்தக் கூத்தில் மூழ்கிப் போனது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. ஜூன் மாதத்தில் ரட் 57க்கு 45 என்று வென்றார். சரி, அந்தக் கதை இவ்வளவு போதும்.

எங்கள் வீட்டுக்குள் வந்தது வேறு. தம்பியின் பழைய சக்கர நாற்காலி உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் தெரபிஸ்ட் அளவெடுத்தார், படிவம் நிரப்பினோம், ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், காத்திருப்போர் பட்டியல் என்றார்கள். நாற்காலி வந்து சேர்ந்தபோது அவன் வளர்ந்துவிட்டான். முழங்கால் இரண்டும் நெஞ்சுப் பக்கமாக மடங்கி நிற்க, அப்பா கால்மிதியைக் கழற்றி ஒரு பலகையைக் கீழே இறக்கிப் பூட்டினார். அந்தப் பலகையில் நீதான் நீலப் பெயின்ட் அடித்தாய். அதே வகுப்பில் படித்த இன்னொரு பிள்ளை கார் விபத்தில் அடிபட்டவன், அவனுக்குக் காப்புறுதிப் பணத்தில் எல்லாம் கிடைத்தது. பிறக்கும்போதே நடக்க முடியாதவனுக்குப் பட்டியல். 2011இல் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டபோது, இந்த ஏற்பாடு பணம் போதாதது, நியாயமற்றது, துண்டு துண்டாகக் கிடப்பது என்று எழுதியது. அதை வாசித்துவிட்டு அப்பா, "எங்கட வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதினவை போல கிடக்கு" என்றார்.

என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய மாற்றுத்திறனாளர் காப்புறுதித் திட்டத்தின் சட்டம் அந்த 2013 மார்ச் மாதத்தில்தான் நிறைவேறியது, தலைமைச் சண்டை உச்சத்தில் நின்ற அதே மாதம். பணத்துக்காக மெடிகெயார் என்ற பொது மருத்துவக் காப்புறுதிக்கான வரியை ஒன்றரை வீதத்திலிருந்து இரண்டு வீதமாக்க மே மாதம் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். அதை அறிமுகப்படுத்தும்போது கில்லார்டின் குரல் உடைந்தது. தேர்தல் வருடத்தில் வரியைக் கூட்டுகிறேன் என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் பயம். அபொட்டும் ஆதரித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹன்டர், ஜீலோங் போன்ற சில இடங்களில் முதலில் தொடங்கி, பிறகு எங்கள் பக்கம் வந்தது. திட்டம் போட வந்த பெண் சமையலறை மேசையில் இருந்து என்னிடம் கேள்வி கேட்கவில்லை, தம்பியைப் பார்த்து, "உனக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டார். அவன் யோசித்து யோசித்து, "சுவிமிங்" என்றான். அது வரைக்கும் அவனிடம் அப்படி ஒரு கேள்வியை ஒரு அலுவலகமும் கேட்டதில்லை. இன்றைக்கு அவன் கிழமைக்கு ஒரு தடவை நீந்தப் போகிறான், நான் அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறேன். 76க்கு 74 என்று நின்ற அரசாங்கம் எங்களுக்குத் தந்தது இது.

கார்பன் விலையின் கதையும் உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் உன்னுடைய ஆளின் தொகுதியில் காலநிலைதான் பெரிய விசயம் என்றாய். 2010 தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு கில்லார்ட், தன் தலைமையில் அமையும் அரசில் கார்பன் வரி இருக்காது என்று டிவியில் சொன்னார். தேர்தலுக்குப் பிறகு கிறீன்ஸோடும் சுயேச்சைகளோடும் சேர்ந்துதான் ஆள வேண்டும் என்றானதும் நிலை மாறியது. 2011 ஒக்டோபரில் கீழ்ச்சபையில் 74க்கு 72 என்று சட்டமூலம் தேறியது, 2012 ஜூலை 1 முதல் வெளியேற்றும் கார்பனில் ஒரு தொன்னுக்கு 23 டொலர். அந்த ஒரு வசனத்தை அபொட் கடைசி வரைக்கும் விடவில்லை. 2014 ஜூலையில், ஆட்சிக்கு வந்திருந்த அவருடைய அரசாங்கம் சட்டத்தையே நீக்கியது. விலை நல்ல யோசனை, சொன்ன சொல்லை மாற்றியதுதான் அதைக் கொன்றது என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று பார். விலைவாசி ஏறும் என்று மக்களுக்கு ஈடாகக் கொடுத்த வரிச்சலுகை நீங்கவில்லை. 6,000 டொலருக்கு மேல் உழைத்தால் வரி என்று இருந்ததை 18,200 ஆக்கினார்களே, அது நிலைத்துவிட்டது. நீ படித்துக்கொண்டே பேக்கரியில் நின்ற வருடங்களில் வரி கட்டாமல் இருந்தது அதனால்தான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு வோட்டு எப்போது பெறுமதி இழக்கிறது என்று அன்ட்ரூ வில்கிக்குத் தெரியும். அவர் கில்லார்டை ஆதரிக்க ஒரு நிபந்தனை வைத்தார்: போக்கி மெசின் என்ற சூதாட்ட மெசினில் விளையாடுகிறவர்கள் எவ்வளவு தோற்கலாம் என்று முதலே எல்லை குறிக்க வேண்டும், அதைச் சட்டமாக்க வேண்டும். கிளப்கள் பெரிய எதிர்ப்புப் பிரசாரம் செய்தன, எங்கள் மேற்கு சிட்னி லேபர் உறுப்பினர்களுக்கு நடுக்கம் பிடித்தது. 2011 நவம்பரில் எதிர்க்கட்சிக்காரரான பீட்டர் ஸ்லிப்பரை, சாதாரணமாக வோட்டுப் போடாத சபாநாயகர் கதிரையில் இருத்தி லேபர் தனக்கு ஒரு வோட்டு மிச்சம் பிடித்தது. அடுத்த ஜனவரியே வில்கிக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போனது. சம்பளத்தை வாங்கி அப்படியே மெசினில் போட்டுவிட்டு வருகிற ஆட்களை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலேயே கண்டிருக்கிறேன், அவர்களுடைய பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அந்தச் சட்டம் வந்திருந்தால் எத்தனை வீடு தப்பியிருக்கும்.

2012 ஒக்டோபர் 9 பேச்சை நீ பள்ளியில் பார்த்திருப்பாய். பெண் வெறுப்பைப் பற்றி அபொட்டின் முகத்துக்கு நேரே கில்லார்ட் பேசியது. உலகம் முழுக்கப் போன பேச்சு, எனக்கும் கேட்கக் கேட்கத் தலை நிமிர்ந்தது. அதே நாளில் செனட் என்ற மேல்சபையில் இன்னொரு சட்டமூலம் நிறைவேறியது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கான கொடுப்பனவு, கடைசிப் பிள்ளைக்கு எட்டு வயதானதும் பழைய ஆட்களுக்கும் நின்றுவிடும், வேலையில்லாதோருக்கான குறைந்த தொகைக்கு மாற வேண்டும் என்பது அது. பேச்சைக் கேட்ட அதே பெண்களில் எத்தனையோ பேருக்கு ஜனவரியில் பணம் குறைந்தது. 2023இல்தான் அல்பனீசி அரசாங்கம் அந்த வயதை 14 ஆக உயர்த்தியது. கம்பர்டவுன் அரச வீட்டில் தனித்த தாய் வளர்த்த பிள்ளை அவர், அவருக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் எழுத எனக்குக் கை ஓடியது. அடுத்தது ஓடவில்லை.

பெரியம்மாவின் மகன் 2012 ஒக்டோபரில் படகில் கிறிஸ்மஸ் தீவில் வந்து இறங்கினான். அதற்கு முதல் வருடம், படகில் வருகிறவர்களில் 800 பேரை மலேசியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. பிறகு பாராளுமன்றத்தில் ஒருவரும் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காமல் இழுபட, ஒரு நிபுணர் குழு 2012 ஆகஸ்ட் 13 அன்று அறிக்கை கொடுத்தது. நவுருவிலும் மானுஸ் தீவிலும் இருந்த தடுப்பு முகாம்கள் திரும்பத் திறந்தன. அந்தத் திகதிக்குப் பிறகு வந்தவர்களுக்கு, வெளியே விட்டாலும் வேலை செய்ய அனுமதி இல்லை. இலங்கையிலிருந்து வந்தவர்கள் பலரைச் சுருக்கமாக விசாரித்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினார்கள். போர் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 2014இல் அடுத்த அரசாங்கம் கொண்டுவந்த துரித விசாரணை முறையும் அதே ஆகஸ்ட் 13ஐத்தான் கோடாகப் போட்டது. அண்ணாவின் விண்ணப்பம் அந்த முறையில் மறுக்கப்பட்டது. 2023இல் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வழி திறந்தபோது, மறுக்கப்பட்ட அவனுக்கு அதில் இடமில்லை. இன்றும் பிரிட்ஜிங் விசா என்ற இடைக்கால விசாதான். பெரியம்மா செத்தபோது போக முடியாமல் எங்கள் வீட்டு ஹோலில் வீடியோவில் பார்த்துக்கொண்டு நின்றானே, நீயும் பக்கத்தில் நின்றாய்.

தம்பிக்குக் கதவு திறந்த அமைச்சரவைதான் அண்ணாவுக்குப் பூட்டியது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க என்னால் முடியாது, அந்த அரசாங்கத்தைப் பற்றி யார் கேட்டாலும் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். தம்பிக்காகப் பேச ஆயிரக்கணக்கான பெற்றோர் இருந்தார்கள், எங்களுக்கு வோட்டு இருந்தது. அண்ணாவுக்கு வோட்டு இல்லை, அவனுக்காகப் பேசினால் வோட்டுப் போய்விடும் என்ற பயம்தான் இரண்டு பெரிய கட்சிக்கும் இருந்தது. குயின்ஸ்லாந்தின் பிலோயீலா ஊரில் இருந்த தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள். 2018இல் விடியற்காலையில் வீட்டிலிருந்து தூக்கிப்போனார்கள். அந்தச் சின்ன ஊர்ச் சனம் விடாமல் நின்றபடியால்தான் 2022இல் அவர்களால் வீடு திரும்ப முடிந்தது.

சுயேச்சைகளின் வேலை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2019 பெப்ரவரியில் சுயேச்சை உறுப்பினர் கெரின் பெல்ப்ஸ் முன்னெடுத்த மெடிவாக் சட்டமூலம் 75க்கு 74 என்று அரசாங்கத்தைத் தோற்கடித்து நிறைவேறியது. நவுருவிலும் மானுஸிலும் நோயோடு கிடந்தவர்களை டொக்டர்கள் சொன்னால் இங்கே கொண்டுவரலாம் என்ற சட்டம். அந்த வருடக் கடைசியிலேயே அதை நீக்கினார்கள், ஆனால் அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வைத்தியத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். நீ சொல்லலாம், அப்போது அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இல்லை, இப்போது 94 இருக்கிறது என்று. உண்மைதான், கீழ்ச்சபையில் உன் ஆளின் வோட்டால் ஒன்றும் கவிழாது. ஆனால் செனட்டில் லேபருக்குத் தனியாகப் பெரும்பான்மை இல்லை. கீழ்ச்சபையில் கேட்டுப் பதிவான கேள்வியை செனட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். கேள்வி நேரத்தில் சுயேச்சைகளுக்கும் முறை வரும். 2022இல் அல்பனீசி அரசாங்கம் சுயேச்சைகளுக்குக் கூடுதலாகக் கொடுத்திருந்த ஆலோசகர்களை நாலிலிருந்து ஒன்றாகக் குறைத்தது நினைவிருக்கும். அதனால் வருகிற சட்டமூலங்களை உட்கார்ந்து வாசிக்க உன் அலுவலகத்தில் ஆட்கள் குறைவு. நீ வாசி. சின்ன எழுத்தில் இருக்கும் அட்டவணைகளை வாசி. யாருக்கு நின்றுபோகிறது, எந்தத் திகதியிலிருந்து என்று பார்.

இரண்டு விசயம் கேட்கிறேன். என்.டி.ஐ.எஸ். செலவின் வளர்ச்சியை வருடத்துக்கு எட்டு வீதத்துக்குள் கொண்டுவர 2023இலேயே பிரதமரும் மாநில முதல்வர்களும் கூடும் தேசிய அமைச்சரவை முடிவெடுத்தது. செலவைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும், பொய்க் கணக்கு எழுதிப் பணம் எடுக்கும் ஆட்களை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் எட்டு வீதம் யாருடைய திட்டத்திலிருந்து வெட்டி வருகிறது என்று உங்கள் ஆள் விடாமல் கேட்க வேண்டும். தம்பியின் நீச்சல் மணித்தியாலம் போல எழுத்தில் சின்னதாகத் தெரிகிறதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

மற்றது, 2012 ஆகஸ்ட் 13க்குப் பிறகு வந்து, துரித முறையில் மறுக்கப்பட்டு, இன்னும் இங்கே பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு அரசாங்கம் என்ன செய்யப் போகிறது என்று அமைச்சரிடம் ஒரு எழுத்துக் கேள்வி. அண்ணாவுக்கு மட்டும் சலுகை கேட்கிறேன் என்று நினைக்காதே, அவனுடைய பெயரையே நீ எழுத வேண்டாம். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் அவனுக்கு ஒரு கோல் எடு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடு, பகலில் அவன் கட்டட வேலையில் நிற்பான், போன் எடுக்க மாட்டான்.

அன்புடன்,
அம்மா