கரண்ட் பில்லுல இன்னும் ஒரு லைன் போடுங்க

சிங்கப்பூர் எரிசக்திச் சந்தை ஆணையத்துல இருக்கிற அதிகாரிகளுக்கு வணக்கம்.

பிடோக்ல நாலறை வீட்ல இருக்கோம், அம்மாவையும் சேத்து அஞ்சு பேரு. மாசாமாசம் பில் வந்ததும் அம்மா கேக்குற மொத கேள்வி "எவ்ளோ வந்திருக்கு?" தொகைய சொல்லுவேன், அன்னிக்கு ராத்திரி ஃபேன ஒரு நம்பர் கொறச்சு வெப்பாங்க. போன மாசம் 380 யூனிட். எத்தனை யூனிட்டுன்னு பில்லுல இருக்கு, யூனிட்டுக்கு எத்தனை காசுன்னு இருக்கு, 9 சதவீத ஜிஎஸ்டி இருக்கு, அக்கம்பக்கத்துல சராசரியா எவ்ளோ எரிச்சாங்கன்னு கூட படம் போட்டு இருக்கு. அந்தக் கரண்டுக்காக நாம வேற எங்கெங்க காசு குடுத்துக்கிட்டு இருக்கோம்ங்கிறது மட்டும் இல்ல. அதுக்காகத்தான் இந்த மடல்.

எண்ணெய், எரிவாயு மேல கோவத்துல எழுதலைங்க. எங்கப்பா ஜூரோங் பக்கம் ஒரு எண்ணெய் ஆலையில 26 வருசம் ஷிஃப்ட் பாத்தவரு, அந்தச் சம்பளத்துல தான் நாங்க மூணு பேரும் படிச்சோம், இந்த வீடும் அதுல வாங்கினது தான். எண்ணெய் இல்லாம இந்த ஊர் இவ்ளோ சீக்கிரம் முன்னுக்கு வந்திருக்காதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். வாங்கின பொருளுக்கு முழு ரசீது குடுங்கன்னு தான் கேக்குறேன்.

நம்ம கரண்ட்ல ஏறக்குறைய 95 சதவீதம் இயற்கை எரிவாயுவுல இருந்து வருது, ஒரு யூனிட்டுக்கு 0.4 கிலோ சுமாருக்கு கரியமில வாயு போகுதுன்னு வருசா வருசம் நீங்களே புள்ளிவிவரம் வெளியிடுறீங்க. அப்ப எங்க வீட்டு 380 யூனிட்டுக்கு 152 கிலோ. கரியமில வாயு நெறைய விடுற பெரிய ஆலைங்க கட்டுற கார்பன் வரி 2019ல டன்னுக்கு 5 வெள்ளியில (சிங்கப்பூர் டாலர்) ஆரம்பிச்சு, 2024ல 25 ஆகி, 2026ல 45 ஆயிருக்கு. அந்தக் கணக்குல பாத்தா எங்க வீட்டுப் பங்கு மாசம் 7 வெள்ளி கூட இல்ல. ஆனா அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023ல, ஒரு டன் கரியமில வாயு உலகத்துக்கு பண்ற சேதம் சுமாரா 190 அமெரிக்க டாலர்னு கணக்கு போட்டுச்சு, பயிர் கெடுறது, வெயில்ல சாகுறது, வெள்ளம் எல்லாம் சேத்து. (அப்புறம் வந்த அரசாங்கம் அந்தக் கணக்க ஓரங்கட்டிருச்சு, அதுக்காக சேதம் கொறஞ்சுடல.) அப்படி பாத்தா எங்க வீட்டுக்கு மாசம் கிட்டத்தட்ட 29 அமெரிக்க டாலர். மிச்சத்த யாரு கட்டுறா? யாரோ எங்கியோ கட்டுறாங்க, நாமளும் வேற வேற பேர்ல கட்டிக்கிட்டு தான் இருக்கோம்.

கடல எடுத்துக்கோங்க. 2019 தேசிய தினப் பேரணியில அப்பப் பிரதமரா இருந்த திரு லீ சியன் லூங், கடல் மட்டம் ஏறுறதுல இருந்து நாட்டக் காப்பாத்த 100 வருசத்துல 100 பில்லியன் வெள்ளி, இன்னும் கூடவும் ஆகலாம்னு சொன்னாரு. நம்ம தீவுல 30 சதவீதம் கடல் மட்டத்துல இருந்து 5 மீட்டருக்குள்ள தான் இருக்கு, 2100க்குள்ள கடல் 1.15 மீட்டர் வரைக்கும் ஏறலாம்னு 2024ல வந்த நம்ம நாட்டு ஆய்வே சொல்லுது. எங்க வீட்டுக்கு முன்னாடி ஈஸ்ட் கோஸ்ட் கடல்ல 800 ஹெக்டர் அளவுக்கு கடல மண் போட்டு மூடி லாங் ஐலண்ட்னு புது நிலம் வரப் போகுது, நிலத்துக்கும் தண்ணிக்கும் தான், ஆனா ஏறி வர்ற கடலத் தடுக்கிறதும் அதோட வேலை. நாங்க புள்ளைங்களோட பட்டம் விடுற கரை அது. அங்க போடுற ஒவ்வொரு லாரி மண்ணும் பொதுப் பணம், அந்தச் செலவு எந்தக் கரண்ட் பில்லுலயும் வராது.

அதே கரையில தான் 2024 ஜூன்ல எண்ணெய் ஒதுங்குச்சு. பாசிர் பாஞ்சாங்ல ஒரு தூர்வாரும் கப்பல், நின்னுக்கிட்டு இருந்த எண்ணெய்க் கப்பல் மேல மோதி 400 டன் சுமாருக்கு கொட்டிருச்சு, செந்தோசா, லாப்ரடார், குசு தீவு வரைக்கும் போச்சு. அது கப்பலுக்கு ஊத்துற எண்ணெய், கரண்ட் தயாரிக்கிறது இல்ல, தெரியும். சுத்தம் பண்ற செலவுக்கு கப்பல் முதலாளி பொறுப்புன்னு சட்டமும் இருக்கு. ஆனா அந்த வாரம் நான் கரையில நின்னப்ப மணல் அல்வா மாதிரி கருப்பா கையில ஒட்டுச்சு, வாடை மூக்க விட்டுப் போகவே ஒரு நாள் ஆச்சு, தண்ணியில இறங்காதீங்கன்னு போர்டு வெச்சு வாரக்கணக்குல அப்படியே கெடந்துச்சு. அந்த மணலுக்குள்ள இருந்த நண்டுக்கு யாரு நஷ்ட ஈடு குடுக்கிறது?

அடுத்தது வெயில், என்னை ரொம்ப உறுத்துறது இது தான். 2023 மே 13 அன்னிக்கு ஆங் மோ கியோவுல 37 டிகிரி. அந்த வருசக் கடைசியில புது விதி வந்துச்சு, வெப்ப அழுத்த அளவு (சூட்டோட ஈரப்பதம், காத்து, வெயில் எல்லாம் சேத்துப் பாக்குறது) 32 டிகிரிய தொட்டா வெளிய கடுமையான வேலை செய்றவங்களுக்கு மணிக்கு 10 நிமிசமாவது நெழல்ல ஓய்வு குடுக்கணும்னு. நல்ல விதி, தேவையான விதி. ஆனா எங்க புளோக் பக்கத்துல லிஃப்ட் வேலை நடந்தப்ப, புளோக்குக்குக் கீழ திறந்த தளமா இருக்கிற வாய்ட் டெக்ல படுத்திருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருத்தர்ட்ட தண்ணி குடுத்துட்டு பேசிக்கிட்டு இருந்தேன், "ஊர்லயும் வெயில் தான் அண்ணே, ஆனா அங்க சாயங்காலம் காத்து வரும், இங்க வேர்வை காயவே மாட்டேங்குது"ன்னாரு. வெயிலால வேலைத் திறன் கொறையறதுல 2035ல மட்டும் 2.22 பில்லியன் வெள்ளி நஷ்டம் வரலாம்னு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு சொல்லுது. அந்த பில்லியன் எல்லாம் இந்தத் தம்பி மாதிரி ஆளுங்க உடம்பு வழியாத்தான் மொதல்ல போகுது. நாம உள்ள ஏர்கான் போட்டுக்கிட்டு இருக்கோம், அந்தச் சூடும் வெளிய அவர் மேல தான் அடிக்குது.

எரிவாயு நிலக்கரிய விட தேவலன்னு சொல்லுவீங்க, உண்மை தான், எரியும்போது ஏறக்குறைய பாதி தான் கரியமில வாயு வரும். ஆனா எரியாம வழியில கசிஞ்சா அது மீத்தேன், 20 வருச கணக்குல கரியமில வாயுவ விட 80 மடங்குக்கு மேல சூடாக்கும். அப்புறம் அதோட விலையும் நம்ம கையில இல்ல. 2021 கடைசியில உலகச் சந்தையில எரிவாயு விலை எகிறினப்ப நான் சேந்திருந்த கரண்ட் கம்பெனி கடைய மூடிட்டுப் போயிருச்சு, ஒப்பந்தம் பாதியில நின்னுச்சு. இந்த நிச்சயமில்லாத்தனமும் ஒரு செலவு தானே.

உலக அளவுலயும் இதே கதை தான். 2022ல புதைபடிவ எரிபொருளுக்கு உலகம் குடுத்த மானியம் 7 டிரில்லியன் டாலர்னு பன்னாட்டுப் பண நிதியம் சொன்னுச்சு, அதுல அரசாங்கங்க நேரடியா குடுத்தது 1.3 டிரில்லியன் தான், மிச்சமெல்லாம் பெரும்பாலும் கெட்ட காத்து, சூடாகுற பூமின்னு விலையில சேக்காம விட்டது.

அந்த 29 டாலர எங்ககிட்ட வசூல் பண்ணுங்கன்னு நான் கேக்கல. பில்லுல அரசாங்கம் குடுக்கிற யூ-சேவ் கழிவு இருந்தா தான் சமாளிக்க முடியுதுங்கிற வீடு எங்க மாடியிலயே ரெண்டு இருக்கு, அவங்க தலையில ஏத்தக் கூடாது. காட்டுங்க, போதும். "இந்த மாசம் நீங்க எரிச்ச கரண்ட்ல இவ்ளோ கிலோ கரியமில வாயு, அதோட சேதம் இவ்ளோ வெள்ளி, இதுல பில்லுல வந்தது இவ்ளோ" அப்படின்னு ஒரே லைன், நாலு மொழியிலயும். எந்த மதிப்பீட்டு எண்ண எடுத்தீங்கன்னும் கீழ போட்டுருங்க, விவாதம் வரட்டும். பெரிய மால், டேட்டா சென்டர் பில்லுக்கும் அதே லைன் வேணும், அவங்க எண்ண வெளியவும் போடணும், ஏன்னா எங்கம்மா ஃபேன ஒரு நம்பர் கொறச்சு சரியாகுற விசயம் இல்ல இது.

எங்க பில்ல எடுத்துப் பாத்தேன், ஜிஎஸ்டிக்குக் கீழ ரெண்டு விரல் அளவுக்கு இடம் காலியா தான் இருக்கு.

இப்படிக்கு,
பிடோக்ல இருந்து ஒரு குடியிருப்பாளர்